லைப்சிக் நாட்குறிப்பு: கார்ல் ஃபெர்டினாண்ட் பெக்கரைத் தேடி

ஞாயிறு

கார்ல் ஃபெர்டினாண்ட் பெக்கர் 1804 ஜூலை 17 அன்று லைப்சிக்கில் பிறந்து, 1877 அக்டோபர் 26 அன்று அதே நகரில் காலமானார். தேவாலய ஆர்கன் கலைஞராகவும் இசை நூல்களைத் தொகுத்த அறிஞராகவும் வாழ்ந்த அவருடைய பெயர், இசையமைப்பாளர்களான மெண்டல்சோன், ஷூமன் ஆகியோரின் வரலாறுகளில் ஓரிரு வரிகளில் வந்து மறைந்துவிடும். ஆனால் இசையமைப்பாளர் யோகான் செபாஸ்தியன் பாக்கின் ஆர்கன் இசையை விரும்பிக் கேட்கும் எவரும், அறிந்தோ அறியாமலோ, இந்த மனிதர் சேர்த்து வைத்த தாள்களின் பயனை அனுபவிக்கிறார்கள். அந்தத் தாள்கள் இருக்கும் இடத்தையும், அவர் வேலை செய்த இடங்களையும் பார்ப்பதற்காகவே இந்தப் பயணம்.

இன்று காலை நிக்கோலாய் தேவாலயத்து ஆராதனைக்குச் சென்றேன். உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது வெண்ணிறத் தூண்கள். ஒவ்வொன்றும் உச்சியில் பனையோலை போல விரிந்து கூரையைத் தாங்குகிறது. பழைய கோதிக் கட்டடத்தின் உட்புறத்தை 1784 முதல் 1797 வரை தவுத்தே என்ற கட்டடக் கலைஞர் இப்படி மாற்றி அமைத்தார். ஆகவே பெக்கர் பார்த்த தூண்களும் இவையே. 1837 முதல் 1854 வரை அவர் இங்கே ஆர்கன் கலைஞராக இருந்தார். 1724-ஆம் ஆண்டின் புனித வெள்ளியன்று பாக்கின் யோவான் பாடுகளின் இசை முதன்முதலாக ஒலித்ததும் இதே தேவாலயத்தில்தான்.

இன்று கேட்ட ஆர்கன் பெக்கர் வாசித்தது அல்ல. அவர் காலத்தில் மாடத்தில் இருந்தது டிராம்பெலி சகோதரர்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய கருவி. அவர் பதவி விலகிய பின்னர் லாடெகாஸ்ட் என்ற புகழ்பெற்ற ஆர்கன் கட்டுநர் புதிய கருவியைக் கட்டி 1862-இல் முடித்தார். பின்னாளில் விரிவாக்கப்பட்டு, 2004-இல் முழுமையாகச் சீரமைக்கப்பட்ட அந்தக் கருவிக்கு இப்போது ஐந்து கைவிசை வரிசைகள் இருக்கின்றன. ஆராதனை முடிந்து கடைசி இசை ஒலித்தபோது அதன் தாழ்ந்த சுரங்கள் இருக்கையின் பலகை வழியாகவே உடம்பில் ஏறின.

ஆர்கன் கலைஞர் ஒருவரின் வாசிப்பு அந்தந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்துபோவது. பெக்கர் எப்படி வாசித்திருப்பார் என்பதை இந்தக் கூரையின் கீழ் நின்று எவ்வளவு யோசித்தாலும் அறிய முடியாது.

திங்கள்

பெக்கரின் முதல் பணியிடம் பேதுரு தேவாலயம். 1825-இல், இருபத்தொன்றாம் வயதில், அங்கே ஆர்கன் கலைஞராகச் சேர்ந்தார். அந்தத் தேவாலயம் இன்று இல்லை. நகரின் தெற்கே வானுயர நிற்கும் இப்போதைய பேதுரு தேவாலயம் 1885-இல் முடிந்த வேறொரு கட்டடம். பழையது பேதுரு தெருவின் முனையில் இருந்து 1886-இல் இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் வங்கிக்காக எழுந்த கட்டடத்தில் இப்போது நகரத்தின் இசைப் பள்ளி நடக்கிறது. அந்த வழியாகச் சென்றபோது முதல் மாடிச் சன்னல் ஒன்றிலிருந்து யாரோ ஒரு குழந்தை வயலினில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பழகிக்கொண்டிருந்தது கேட்டது. பெக்கர் தொடங்கிய இடத்தில் இன்றும் இசை பயிலப்படுகிறது என்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

அவர் படித்தது தோமா பள்ளியில். அக்காலத்தில் அதன் இசைத் தலைவர் ஷிஹ்ட். ஒரு நூற்றாண்டுக்கு முன்பு பாக் வகித்த அதே பதவி அது. பள்ளிக் கட்டடமும் 1902-இல் இடிக்கப்பட்டுவிட்டது. லைப்சிக்கில் பெக்கரைத் தேடுகிறவர்கள் இடங்களைவிட இடங்கள் இருந்த இடங்களையே மிகுதியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

செவ்வாய்

தோமா தேவாலயத்துக்கு வருகிறவர்கள் நேராகப் பாக்கின் கல்லறைக்குச் செல்கிறார்கள். 1950 முதல் அவருடைய உடல் எச்சங்கள் இங்கே பீடத்தின் அருகில் இருக்கின்றன. நானும் அங்கே நின்றேன். பிறகு 1840-ஆம் ஆண்டை நினைத்துக்கொண்டு மேற்குப் புறத்து மாடத்தின் கீழ் வந்து அமர்ந்தேன்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று மாலை, மெண்டல்சோன் இந்தத் தேவாலயத்தில் தனியொருவராக ஆர்கன் கச்சேரி நடத்தினார். நிகழ்ச்சி முழுவதும் பாக்கின் படைப்புகள். ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும் ஈ-பிளாட் மேஜர் ஃபியூக், திரும்பத் திரும்ப வரும் கீழ்ச்சுர மெட்டின் மேல் விரியும் சி மைனர் பாசகாலியா ஆகியவை அவற்றுள் இருந்தன. இறுதியில் பாடுகளின் பாடல் மெட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு மெண்டல்சோன் தாமே கற்பனையாக விரித்து வாசித்தார். திரண்ட பணம் பாக்குக்கு நினைவுச் சின்னம் எழுப்புவதற்கு. லைப்சிக்கில் இருபத்தேழு ஆண்டுகள் உழைத்த மனிதருக்கு, அவர் இறந்து தொண்ணூறு ஆண்டுகள் ஆகியும் அந்த நகரத்தில் ஒரு கல்கூட இல்லாதிருந்தது. 1843 ஏப்ரல் 23 அன்று சின்னம் திறக்கப்பட்டபோது, பாக்கின் பேரர்களில் எஞ்சியிருந்த, எண்பது வயதைக் கடந்த வில்ஹெல்ம் ஃபிரீட்ரிஹ் எர்ன்ஸ்ட் பாக் நேரில் வந்திருந்தார். தேவாலயத்தைச் சுற்றிக்கொண்டு சென்றால், மரங்களுக்கிடையே அந்தச் சிறிய தூண் இன்றும் நிற்கிறது. முற்றத்தில் உள்ள பெரிய வெண்கலச் சிலை 1908-இல் வந்தது. பயணிகள் படம் எடுத்துக்கொள்வது அதன் முன்னால்தான்.

பெக்கரைத் தேடி வந்த நான் மெண்டல்சோனின் கச்சேரியைப் பற்றி ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்பதற்குக் காரணம் உண்டு. அன்று வாசிக்கப்பட்ட ஈ-பிளாட் ஃபியூக், பாக் 1739-இல் அச்சிட்ட 'கிளாவியர் பயிற்சி' மூன்றாம் பாகத்தின் நிறைவுப் பகுதி. கச்சேரி நடந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, பாக்கின் படைப்புகள் அனைத்தையும் அச்சிட அமைந்த பாக் கழகத்தின் பெரும்பதிப்பில் அந்தப் பாகத்தைப் பதிப்பித்தவர் பெக்கர். பாசகாலியாவின் கதையோ இன்னும் நெருக்கமானது. அதற்கு நூலகத்துக்குச் செல்ல வேண்டும்.

புதன்

மழை விடாமல் பெய்ததால் நகர நடுவிலேயே இருந்தேன். பழைய கெவாண்ட்ஹவுஸ் இருந்த மனையில் இப்போது பெரிய வணிகக் கட்டடம் ஒன்று நிற்கிறது. 1781 முதல் நூறாண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பாவின் முதன்மையான இசையரங்குகளில் ஒன்று அங்கே இருந்தது. நகர நூலகமும் அதே கட்டடத்தில் இருந்தது. அதன் முற்றத்தில்தான் 1843 ஏப்ரலில் மெண்டல்சோனின் முயற்சியால் இசைக் கல்லூரி தொடங்கியது. முதல் ஆசிரியர்களின் வரிசை இது: மெண்டல்சோன், ஷூமன், மோரிட்ஸ் ஹவுப்ட்மன், வயலின் கலைஞர் ஃபெர்டினாண்ட் டேவிட், அவர்களோடு ஆர்கன் கற்பிக்கப் பெக்கர்.

கல்லூரியில் சேரும் முன்பே பெக்கர் அறிஞராக அறியப்பட்டிருந்தார். 1836-இல் வெளிவந்த அவருடைய நூல், இசையைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் அனைத்தையும் பொருள்வாரியாகவும் காலவரிசையாகவும் தொகுக்க முயன்றது. அதற்கு முன்னோடி, பாக்கின் முதல் வரலாற்றை எழுதிய ஃபோர்கெல் 1792-இல் வெளியிட்ட நூற்பட்டியல். பெக்கர் அதைத் தாண்டிச் சென்றார், 1839-இல் பிற்சேர்க்கையும் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு, பதினாறாம் நூற்றாண்டு முதல் பதினெட்டாம் நூற்றாண்டு வரை ஜெர்மானிய வீடுகளில் இசைக்கப்பட்ட இசையைப் பற்றி ஒரு நூல். 1847-இல், பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் அச்சான இசைப் படைப்புகளின் பட்டியல். இவற்றுக்கிடையே பழைய தேவாலயப் பாடல் தொகுப்புகளும், ஷூமன் தொடங்கிய இசை ஏட்டுக்குக் கட்டுரைகளும்.

அந்தப் பட்டியல் நூல்களை வாசித்து மகிழ முடியாது. ஆசிரியர், தலைப்பு, ஊர், ஆண்டு என்று பக்கம் பக்கமாக நீளும். ஆனால் அவை வந்த காலத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். இரு நூற்றாண்டுகளுக்கு முன் நூரன்பெர்க்கிலோ வெனிசிலோ அச்சான ஒரு பாடல் தொகுப்பு உலகில் உண்டு என்பதையே ஒருவர் அறிய வழியில்லாத நிலையில், அதைக் கையில் எடுத்துப் பார்த்து, இன்ன ஆண்டு, இன்ன அச்சகம் என்று எழுதி வைப்பது வரலாற்றின் அடித்தளத்தையே போடுவதாகும். பெக்கர் இறந்த அதே 1877-இல் ராபர்ட் ஐட்னரும் அவருடைய துணைவர்களும் அந்த இரு நூற்றாண்டுகளின் இசைத் தொகுதிகளுக்குப் புதிய, மேலும் துல்லியமான நூற்பட்டியலை பெர்லினில் வெளியிட்டார்கள். 1952-இல் தொடங்கி இன்றுவரை பல நாடுகளின் நூலகங்கள் சேர்ந்து நடத்தும் இசை மூலங்களின் பன்னாட்டுப் பட்டியலும் அதே பாதையில் வந்ததுதான். பின்வந்தவர்கள் பெக்கரின் பிழைகளைத் திருத்தினார்கள். திருத்துவதற்கு முதலில் ஒருவர் எழுதியிருக்க வேண்டும் என்பதை நாம் போதிய அளவு மதிப்பதில்லை என்று நினைக்கிறேன்.

வியாழன்

வில்ஹெல்ம் லாய்ஷ்னர் சதுக்கத்தில் உள்ள நகர நூலகத்தில் நாள் முழுவதும் கழிந்தது. 1896-இல் அருங்காட்சியகமாகக் கட்டப்பட்ட இந்த மாளிகையின் இசைப் பிரிவே பெக்கரின் தொகுப்புக்கு இன்றைய வீடு.

பெக்கர் பட்டியல் மட்டும் எழுதியவர் அல்லர். பட்டியலில் எழுதியதைத் தேடி வாங்கியவர். ஆர்கன் கலைஞருக்கும் ஆசிரியருக்கும் கிடைத்த வருமானத்தில், பழைய இசைக் கோட்பாட்டு நூல்கள், பாடல் புத்தகங்கள், கையெழுத்துப் படிகள் என்று பல்லாண்டுகள் சேர்த்தார். 1843-இல் தம் நூலகத்தின் பட்டியலையே ஒரு நூலாக அச்சிட்டார். 1854-இல் நிக்கோலாய் தேவாலயப் பதவியை விட்டார். 1856-இல், தமக்கு ஐம்பத்திரண்டு வயதாகும்போது, கல்லூரியிலிருந்தும் விலகி, மொத்தத் தொகுப்பையும் லைப்சிக் நகரத்துக்குக் கொடுத்துவிட்டார். அதன் பிறகு இருபத்தொரு ஆண்டுகள் உயிரோடு இருந்தார். சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் சாகும்வரை தம் நூல்களை விட்டுப் பிரிவதில்லை, அவர்கள் மறைந்ததும் ஏலத்தில் நூல்கள் நாலா பக்கமும் சிதறிவிடும். பழைய இசைத் தொகுப்புகள் எத்தனையோ அப்படிச் சிதறியிருக்கின்றன. பெக்கரின் வாழ்க்கையில் நான் மிகவும் போற்றும் செயல் இந்தக் கொடைதான், அவர் இசைத்த எதையும் எழுதிய எதையும்விட.

அந்தத் தொகுப்பில் மூன்றாம் வரிசை, எட்டு, நான்கு என்று எண்ணிடப்பட்ட ஒரு கையெழுத்து நூல் இருக்கிறது. இசை உலகம் அதை 'ஆந்திரேயாஸ் பாக் நூல்' என்று அழைக்கிறது. மூலத்தைத் தொட நான் கேட்கவில்லை, அது கேட்கத்தக்கதும் அல்ல. பாக் டிஜிட்டல் என்ற இணையதளத்தில் உள்ள படங்களை ஒரு மேசையில் அமர்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தேன். பழுப்பேறிய தாள், நெருக்கமான கோடுகள், சில இடங்களில் மறுபக்கத்து மையின் நிழல். ஒரு பக்கத்தில் தலைப்பு கண்ணில் பட்டது: பாசகாலியா. மெண்டல்சோன் 1840-இல் வாசித்த அதே படைப்பு. பாக் தம் கையால் எழுதிய படி தொலைந்துவிட்டது. இன்று நமக்குள்ள மிகப் பழைய மூலம் இந்த நூலில் உள்ள படிதான்.

பாக்கோடு முடிந்துவிடவில்லை. பாக்குக்கு முந்திய தலைமுறையின் மாபெரும் ஆர்கன் கலைஞர் பூக்ஸ்டஹூட. அவருடைய டி மைனர் பாசகாலியாவும், அதே வகையைச் சேர்ந்த இரண்டு சகோனாக்களும் இந்த ஒரே நூலில்தான் உள்ளன. வேறெங்கும் படி கிடையாது. இந்த நூல் ஏதோ ஓர் அடுப்பங்கரையில் எரிந்திருந்தால் அந்த மூன்றும் உலகில் இல்லை. 1870-களில், பாக்கின் பெரும் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்த ஃபிலிப் ஸ்பிட்டா, ஈ மைனர் சகோனாவின் படியை இசையமைப்பாளர் பிராம்ஸுக்கு அனுப்பினார். பிராம்ஸ் அதன் அழகில் மனம் பறிகொடுத்தார். 1875, 1876 ஆண்டுகளில் ஸ்பிட்டா பூக்ஸ்டஹூடவின் ஆர்கன் படைப்புகளை அச்சில் கொண்டுவந்தார். பெக்கர் அப்போது உயிரோடுதான் இருந்தார்.

என்னை நெடுநேரம் மேசையிலேயே இருத்தி வைத்தது வேறொரு செய்தி. இந்த நூலை எழுதியது யாருடைய கை என்பதைப் பெக்கரும் அறிந்திருக்கவில்லை, ஸ்பிட்டாவும் அறிந்திருக்கவில்லை. 1980-களில்தான் ஹான்ஸ் யோவாகிம் ஷூல்ஸ என்ற லைப்சிக் ஆய்வாளர், பெரும்பகுதியை எழுதியவர் ஓர்ட்ரூஃப் ஊரின் ஆர்கன் கலைஞர் யோகான் கிறிஸ்டோஃப் பாக் என்று நிறுவினார். அவர் செபாஸ்தியன் பாக்கின் மூத்த அண்ணன். பெற்றோரை இழந்த பத்து வயதுச் சிறுவனைத் தம் வீட்டில் வளர்த்தவர். நூலின் நடுவே பழைய எழுத்துக் குறியீட்டு முறையில் உள்ள ஒரு சி மைனர் ஃபேன்டசி, செபாஸ்தியனின் சொந்தக் கையெழுத்து என்பதும் அக்காலத்தில்தான் தெளிவாயிற்று. பெக்கர் கொடுத்த பெட்டிக்குள், நூறாண்டுகளுக்கும் மேலாக, பாக்கின் கையெழுத்து யாரும் அறியாமல் இருந்திருக்கிறது. 1943 டிசம்பர் 4 அன்று நடந்த குண்டுவீச்சில் நகர நூலகம் தன் கட்டடத்தையும் தன் செல்வத்தின் பெரும்பகுதியையும் இழந்தது. அந்த இரவையும் இந்த நூல் கடந்து வந்திருக்கிறது.

எதன் மதிப்பு எப்போது தெரியவரும் என்று தெரியாத நிலையிலும், ஒழுங்காக எண்ணிட்டு, பொது உடைமையாக்கி வைத்துவிட்டுச் சென்ற ஒருவரின் மனத்தைப் பற்றியே இன்று மாலை முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளி

பாக் கழகத்தைப் பற்றிச் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். பாக் இறந்த நூறாம் ஆண்டான 1850-இல், ஹவுப்ட்மன், ஓட்டோ யான், பெக்கர், ஷூமன் முதலியோர் முன்னின்று, பிரைட்காப்ஃப் உண்ட் ஹேர்ட்டல் பதிப்பகத்தோடு சேர்ந்து, பாக்கின் படைப்புகள் அனைத்தையும் அச்சிடுவதற்காகக் கழகம் அமைத்தார்கள். 1851-இல் வந்த முதல் தொகுதியில் கான்டாட்டாக்கள் எனப்படும் தேவாலயப் பாடல் படைப்புகள் பத்து இருந்தன. இன்று பாக் பட்டியலில் ஒன்று முதல் பத்து வரை எண் பெற்றிருப்பவை அவையே. பெக்கர் பதிப்பித்த மூன்றாம் தொகுதி 1853-இல் வெளிவந்தது. இரு குரல் இன்வென்ஷன்கள் முதல் கோல்ட்பெர்க் வேறுபாடுகள் வரை பியானோ பயிலும் மாணவர்கள் இன்று நன்கறிந்த பல படைப்புகள் அதில் அடங்கின. நாற்பத்தாறு தொகுதிகளும் முடிய ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின. தொடங்கியவர்களில் எவரும் முடிவைப் பார்க்கவில்லை.

பிற்பகலில் பவுல் லிஸ்ட் தெருவில் உள்ள லைப்சிக் மிஷன் வீட்டைப் பார்க்கச் சென்றேன். தரங்கம்பாடியோடும் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையோடும் நெடிய தொடர்புடைய மிஷன் இது. பெக்கர் இங்கே வாழ்ந்த அதே ஆண்டுகளில் அதன் இயக்குநராக இருந்த கார்ல் கிரவுல், தமிழகத்தில் சில ஆண்டுகள் தங்கித் தமிழ் கற்றுத் திரும்பி, திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். அந்த நூல் லைப்சிக்கில் வெளிவந்தது 1856-இல், பெக்கர் தம் நூலகத்தை நகரத்துக்குக் கொடுத்த அதே ஆண்டு. இருவரும் சந்தித்துக்கொண்டார்களா என்ற கேள்வி எனக்கு முக்கியமல்ல. ஒரே நகரம் ஒரே ஆண்டில் பெற்ற இரண்டு செல்வங்கள் என்ற அளவில் அதைக் குறித்துக்கொண்டேன்.

இன்னொரு தொடர்பும் உண்டு. பெக்கர் வாழ்நாள் முழுவதும் தொகுத்த லுத்தரன் தேவாலயப் பாடல்களில் பல, ஃபப்ரிசியுஸ் போன்றவர்களின் மொழிபெயர்ப்பால் தமிழில் ஞானப்பாட்டுகளாகி, மெட்டு மாறாமல் இன்றும் நம் ஊர்களில் பாடப்படுகின்றன. ஞாயிறன்று நிக்கோலாய் தேவாலயத்தில் சபையார் எழுந்து நின்று பாடியபோது, சொல் புரியாத இடத்திலும் மெட்டு எனக்கு முன்னே சென்றது.

சனி

கோத்தா வரை ரயிலிலும் அங்கிருந்து பேருந்திலுமாக ஓர்ட்ரூஃப் வந்து சேர்ந்தேன். துரிங்கியக் காட்டின் விளிம்பில் உள்ள சிறிய ஊர். யோகான் கிறிஸ்டோஃப் பாக் ஆர்கன் வாசித்த மிக்கேல் தேவாலயத்தில் இப்போது கோபுரம் மட்டுமே நிற்கிறது. 1695 முதல் 1700 வரை செபாஸ்தியன் அண்ணன் வீட்டில் இங்கே வளர்ந்தார்.

பாக் மறைந்த சில ஆண்டுகளில் வெளிவந்த இரங்கல் குறிப்பில் ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. ஃப்ரோபெர்கர், கெர்ல், பாஹெல்பெல் ஆகியோரின் படைப்புகள் கொண்ட ஒரு நூலை அண்ணன் கம்பிக் கதவுள்ள அலமாரியில் பூட்டி வைத்திருந்தாராம். சிறுவன் இரவில் கம்பிகளுக்கிடையே கையை விட்டு அதை உருட்டி எடுத்து, விளக்கு இல்லாததால் நிலா வெளிச்சத்தில் ஆறு மாதம் படியெடுத்தானாம். அதைக் கண்டுபிடித்த அண்ணன் படியையும் பறித்துக்கொண்டாராம். அந்தப் படி மறைந்துபோயிற்று. இந்தக் கதையை வைத்து அந்த அண்ணனைக் கொடியவராகச் சித்தரிப்போர் பலர். நான் அப்படி நினைக்கவில்லை. இசைத் தாள் அரிய பொருளாக இருந்த காலம் அது. அதே அண்ணன்தான் பின்னாளில் தம்பியின் படைப்புகளைத் தம் கையாலேயே பொறுமையாகப் படியெடுத்தார். வளர்ந்துவிட்ட தம்பியும் அதே நூலில் தம் கையால் எழுதினார்.

கிறிஸ்டோஃபின் மகன் ஆந்திரேயாஸ், அவரும் இந்த ஊரின் ஆர்கன் கலைஞர், அந்த நூலுக்கு உரிமையாளர் ஆனார். நூலின் பெயர் அவர் பெயரால் அமைந்தது அதனால்தான். அதன் பின் அது கைமாறிக் கைமாறி லைப்சிக்கில் பெக்கரிடம் வந்து சேர்ந்தது.

ஆர்கன் அல்லது பியானோ பயிலும் நண்பர்கள் பாக் டிஜிட்டல் தளத்தில் லைப்சிக் இசை நூலகத்தின் பெக்கர் தொகுப்பு என்று தேடினால் இந்த நூலின் பக்கங்களை வீட்டிலிருந்தே பார்க்கலாம். பாசகாலியாவை முதலில் பாருங்கள். பிறகு பூக்ஸ்டஹூடவின் ஈ மைனர் சகோனா. அச்சுப் பிரதியை அருகில் வைத்துக்கொண்டு பார்த்தால் கிறிஸ்டோஃபின் கை விரைவில் பழகிவிடும்.